ஜாதிச் சான்றிதழும் சர்க்கார் உத்தியோகமும்

சர்க்கார் உத்தியோகத்தில் சேரும் ஒருவரிடம் கேட்கப்படும் பத்திரங்கள் பல. கல்வியைப் பற்றியது ஒன்று. வயதைப் பற்றியது ஒன்று. உடல் நலத்தைப் பற்றியது மற்றொன்று. ஜாதிச் சான்றிதழ் இவற்றினின்றும் சற்று வேறுபட்டது. தாம் எந்தக் குலத்திற் பிறந்தோம் என்பதை ஒருவர் தம் பெற்றோர் சொல்லக் கேட்டே அறிகிறார். அதிகாரி ஒருவர் முத்திரையிட்டுத் தந்த பத்திரத்தை நம்பி வேலையில் அமர்கிறார். இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர், "இச்சான்று செல்லாது, ஆதலின் உமது பதவியும் செல்லாது" என்று உத்தரவு வருமாயின் அவர் நிலை யாது? அந்தப் பதவி எந்த வகுப்பினருக்கென ஒதுக்கப்பட்டதோ அவ்வகுப்பிற் பிறந்தும், அது கிட்டாமற்போன வேறொருவரின் நிலைதான் யாது? இவ்விரு வினாக்களையும் நம் நாட்டு நீதிமன்றங்கள் எவ்வாறு எடைபோட்டு வந்துள்ளன என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் சட்டத்தின் அடிப்படையைக் காண்போம். இன்னின்ன ஜாதிகளும் பழங்குடிகளும் ஷெட்யூலில் அடங்கும் என்று அறிவிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 341, 342-ஆம் பிரிவுகள் குடியரசுத் தலைவருக்கு அளித்துள்ளன. அதன்படி 1950-ஆம் ஆண்டில் உத்தரவுகள் பிறந்தன. அறிவித்த பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதோ நீக்குவதோ பார்லிமெண்டு இயற்றும் சட்டத்தினால் மட்டுமே இயலும். மாநில சர்க்காருக்கும், அதிகாரிக்கும், ஏன், நீதிமன்றத்துக்குமே அவ்வுரிமை இல்லை.

ஆனால் பட்டியலில் இருப்பவை பெயர்களே. ஒரே பெயரைப் பல குழுவினர் தாங்குவதும் உண்டு. மகாராஷ்டிரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஹல்பா என்பது பட்டியலில் உள்ள பழங்குடி. விதர்ப்பப் பகுதியில் நெசவுத் தொழில் புரியும் ஹல்பா கோஷ்டி வகுப்பார், தாமும் அக்குடியினரே என்று நெடுங்காலமாக உரிமை கோரினர். மகாதேவ் கோலி என்ற பெயர் பட்டியலில் உண்டு. கோலி என்ற பெயர் மட்டும் தனித்து இல்லை. தாக்கூர் என்பது ஒரு பழங்குடியின் பெயர். பிற வகுப்புக் குடும்பங்கள் பலவற்றின் குடிப்பெயரும் அதுவே. அன்றியும், முன்னாளில் குறிப்பிட்ட சில பகுதிகளில் வாழ்ந்தோர் மட்டுமே பல பழங்குடிகளின் உறுப்பினராகக் கொள்ளப்பட்டனர். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த எல்லைக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் அகற்றிற்று. வேறு பகுதிகளில் வாழ்ந்த உண்மையான பழங்குடி மக்களுக்கு இதனால் நீதி கிடைத்தது. பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு சான்று பெற முயல்வோருக்கும் அதே வாயில் திறந்தது.

இந்நிலையில் 1994-ஆம் ஆண்டு செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. மகாதேவ் கோலி எனச் சான்று பெற்றுக் கல்லூரியில் இடம் பெற்ற இரு சகோதரியரைப் பற்றிய வழக்கு அது. சான்றுகளைச் சரிபார்க்க மாநிலந்தோறும் மூன்று அதிகாரிகள் கொண்ட ஆய்வுக் குழு அமைய வேண்டும் என்றும், குழுவுக்குத் துணையாகப் போலீஸ் அதிகாரிகள் கொண்ட விசாரணைப் பிரிவு இயங்க வேண்டும் என்றும் நீதிபதிகள் விதித்தனர். விசாரணை அதிகாரி குடும்பத்தின் சொந்த ஊருக்கே செல்ல வேண்டும். பள்ளிப் பதிவேட்டையும் பிறப்புப் பதிவேட்டையும் பார்வையிட வேண்டும். பெற்றோரையும் அக்குலத்தை அறிந்த பிறரையும் விசாரிக்க வேண்டும். பழங்குடியாயின், வழிபடும் தெய்வம், திருமணச் சடங்கு, இறந்தாரை அடக்கம் செய்யும் முறை முதலியவற்றையும் கேட்டறிய வேண்டும். அறிக்கை பாதகமாக இருப்பின், உரியவருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் தரப்பைக் கேட்ட பின்னரே முடிவு கூற வேண்டும். 2001-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரம் இதற்கெனத் தனிச் சட்டத்தையே நடைமுறைக்குக் கொணர்ந்தது. தம் ஜாதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமை கோருபவரையே சாரும் என்பது அச்சட்டத்தின் விதி.

குழு ஒருவருடைய சான்றை நிராகரித்தால் அவர் செல்லக்கூடிய இடம் ஹைக்கோர்ட்டு. அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் அவர் ரிட் மனுச் செய்யலாம். ஆனால் ஹைக்கோர்ட்டு இங்கே அப்பீல் மன்றமாக அமர்வதில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். சாட்சியங்களை மீண்டும் முதலிலிருந்து எடைபோட்டுத் தன் கருத்தைக் குழுவின் கருத்துக்குப் பதிலாக வைப்பது அதன் வேலையன்று. குழு உரிய முறையைப் பின்பற்றியதா, முக்கியமான ஆவணம் எதையேனும் புறக்கணித்ததா, நியாயமான எவரும் எய்த முடியாத முடிவை எய்தியதா என்பனவற்றையே அது ஆராயும். குறை கண்டால் உத்தரவை ரத்துச் செய்யும்; பல சமயங்களில் மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பும்.

இவ்வாராய்ச்சியினால் விளைந்த நன்மை சிறிதன்று. சடங்குகளைப் பற்றிய கேள்விகளுக்குச் சரியான விடை கூறாததனாலேயே சிலருடைய சான்றுகள் நிராகரிக்கப்பட்டன. நகரத்திலே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துச் சடங்கை அறியாதிருப்பது வியப்பன்றே! 2011-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இதனை உணர்ந்து கூறியது. சுதந்திரத்துக்கு முற்பட்ட ஆவணங்களுக்கு மிகுந்த மதிப்பு அளிக்க வேண்டும் என்றும், சடங்குச் சோதனை ஒன்றே முடிவைத் தீர்மானிக்கலாகாது என்றும் அது விளக்கியது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் இக்கருத்தை மேலும் உறுதிப்படுத்தியது. தந்தை வழி இரத்த உறவினர் ஒருவருக்கு முறையான விசாரணைக்குப் பின் சான்று உறுதியாகியிருப்பின், அதற்கும் உரிய மதிப்புத் தர வேண்டும். தமையன் பழங்குடி, தம்பி பழங்குடியல்லன் என்று இரு உத்தரவுகள் பிறப்பது சட்டத்துக்குப் பெருமையாகாது அல்லவா?

இனி, சான்று செல்லாது என்பது முடிவாகிவிட்டால் பதவி என்னாகும்? இங்கேதான் நீதிமன்றத்தின் இரக்கமும் சட்டத்தின் உறுதியும் எதிரெதிர் நின்றன. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம், ஹல்பா கோஷ்டியார் ஹல்பா பழங்குடியினர் ஆகார் என்று தீர்மானித்தது. எனினும், அவ்வழக்குக்குரியவர் அதற்குள் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டமையால், அவரது பட்டத்தைப் பறிக்கவில்லை. இனிப் பழங்குடிச் சலுகை எதனையும் அவர் பெறலாகாது என்று மட்டும் விதித்தது. இதனை ஆதாரமாகக் கொண்டு, நெடுநாள் பணியாற்றிய பலரின் பதவியை நீதிமன்றங்கள் பிற்காலத்தில் காத்தன.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் நிலை மாறிற்று. இந்திய உணவுக் கழகத்தின் அப்பீல் ஒன்றை முதலாகக் கொண்ட வழக்குகளில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். சான்று ரத்தானால் அதன் வழி வந்த நன்மையும் போயே தீர வேண்டும். ஏமாற்றும் எண்ணம் இருந்தது என மெய்ப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. நெடுநாள் பணி என்ற காரணமும் போதாது என்பது அதன் சாரம். தகுதியற்றவர் வகிக்கும் ஒவ்வொரு பதவியும் தகுதியுடையவர் ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டதே என்பது அவர்கள் காட்டிய நியாயம். இதன் பின், 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் மகாராஷ்டிர சர்க்கார், சான்று இழந்த ஊழியரைப் பதினொரு மாத கால மேலதிகப் பதவிகளுக்கு மாற்ற உத்தரவிட்டது. நிரந்தர ஊழியராய் இருந்தோர் தற்காலிக ஊழியர் ஆயினர்.

கர்நாடகத்தில் நேர்ந்தது சற்று வேறு. அங்கே சில வகுப்பினரை, பட்டியலில் உள்ள ஜாதிகளின் மறுபெயரினர் என மாநில சர்க்காரே அறிவித்துச் சான்று வழங்கியிருந்தது. அவ்வறிவிப்பு செல்லாது எனப் பின்னர் தெளிந்தபோது, அவ்வூழியரை இனிப் பொதுப் பிரிவினராகக் கருதிப் பணியைக் காக்கலாம் என்று அதே சர்க்கார் சுற்றறிக்கை விடுத்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில், வங்கி ஊழியர் முதலியோர் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு அப்பாதுகாப்பை ஏற்றது. சலுகை நின்றது, பிழைப்பு நின்றுவிடவில்லை.

இவற்றை ஒருங்கே நோக்கும்போது நமக்குத் தெளிவாவது ஒன்று. இரு தரப்பாருடைய துன்பத்துக்கும் பெருங்காரணமாய் இருப்பது தாமதமே. வேலை கொடுக்கும்போதே சான்றைத் தீர ஆராய்ந்திருந்தால், தகுதியற்றவர் வேறு தொழில் தேட இளமை இருந்திருக்கும். தகுதியுடையவருக்கு அந்தப் பதவியும் கிடைத்திருக்கும். இருபதாண்டு கழித்து வரும் தீர்ப்பினால் ஒருவர் ஓய்வூதியத்தை இழக்கலாம். ஆனால் அந்நாளில் வாய்ப்பை இழந்த மற்றவருக்கு, உத்தியோகத்துக்குரிய வயதே கடந்துபோயிருக்கும். அவர் யாரென்பதைக்கூட எந்தக் கோப்பும் கூறாது. நீதிமன்றத்தின் முன் அவர் வருவதுமில்லை. அவருக்காகவும் பேசுவது சட்டத்தின் கடமை.

ஆதலின் ஆய்வுக் குழுக்களில் போதிய அதிகாரிகளை நியமித்து, குறித்த காலத்துக்குள் முடிவு கூறச் செய்வது சர்க்காரின் பொறுப்பு. பாட்டனார் காலத்துப் பள்ளிப் பதிவு, நிலப் பத்திரம் முதலியவற்றைப் பேணி வைத்தலும், பிள்ளைகளின் சான்றைப் படிக்கும் பருவத்திலேயே சரிபார்த்துக் கொள்ளுதலும், நோட்டீஸ் வந்தால் காலந்தாழ்த்தாது விடை அளித்தலும் குடும்பங்களின் பொறுப்பு. நூற்றாண்டுகளாகத் தாழ்வுற்றோரைக் கைதூக்கி விடும் பொருட்டு ஏற்பட்ட ஏற்பாடு இது. அதன் பயன் உரியவரைச் சென்றடையவும், அறியாது பிழைபட்டோர் முதுமையில் திடீரெனத் தெருவில் நிற்காதிருக்கவும் வழி செய்வது, இவ்வேற்பாட்டை ஏற்றுக்கொண்ட நம் அனைவருடைய கடமையும் ஆகும்.