அட்வான்ஸ் என்னும் சொல்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கத்தின் இருபத்தைந்தாண்டுப் பணிகளைப் பற்றிப் பேச இம்மேடையில் பலர் இருக்கின்றனர். நமக்கு ஒதுக்கப்பட்ட பொழுதில் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அட்வான்ஸ் என்பதே அச்சொல். எழுத்தறியாத நம் பாட்டிமாரும் பிழையின்றிச் சொல்லும் சொல் அது. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ். திருமணத்தில் மேளக்காரருக்கு அட்வான்ஸ். செங்கற்சூளைக்குப் போக அட்வான்ஸ். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாடு போக அட்வான்ஸ். பள்ளிபாளையத்தில் தறி ஓட்ட அட்வான்ஸ். எல்லோர் வாயிலும் வழங்கும் சொல்லின் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணி நாமும் பல ஆண்டுகள் வகுப்பில் அதைக் கடந்து போனதுண்டு.

'முன்னிருந்து' என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் சொல், பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. முதலில் அதன் நடுவே 'டி' என்னும் எழுத்து இல்லை. அதன் இலத்தீன் மூலத்தைப் பிறழ உணர்ந்த கற்றோர் பின்னர் அவ்வெழுத்தைச் சேர்த்துவிட்டனர். படித்தவர் செய்த பிழை இலக்கணமாகிவிட்டது. படிக்காதவர் செய்திருந்தால் திருத்தியிருப்பார்கள். அது நிற்க. வினைச்சொல்லாக வந்தால் அதற்கு முன்னேறுதல் என்று பொருள். வணிகத்தில் பெயர்ச்சொல்லாக வந்தால், பொருளோ உழைப்போ கைக்கு வருமுன் கொடுக்கப்படும் பணம். கொடுத்தவர் ஏட்டில் அது வர வேண்டிய சொத்து; வாங்கியவர் ஏட்டில் அது தீர்க்க வேண்டிய கடன். இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம்.

நம் மொழியில் 'அச்சாரம்' என்று ஒரு சொல் உண்டு. சந்தையில் மாட்டுக்கு அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் அச்சாரம் போகும். அதோடு வழக்குத் தீர்ந்தது. அரசு ஊழியர் பண்டிகை முன்பணம் பெறுகின்றனர். வட்டியில்லை, பத்துத் தவணையில் சம்பளத்தில் பிடித்தம் செய்வர், எவ்வளவு கழிந்தது, எவ்வளவு நிற்கிறது என்பது தாளில் இருக்கும். நாமும் பெற்றிருக்கிறோம். அதற்காக நம் பிள்ளைகளை எவரும் அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னதில்லை.

விசைத்தறிக் கூடத்துக்கு வருவோம். குமாரபாளையம் பகுதியில் இப்பணத்துக்குப் பாக்கி என்றே பெயர். இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கொடுக்கும்போது முன்பணம்; கொடுத்த மறுகணமே மீதி. ஆங்கிலச் சொல் முன்னே பார்க்கிறது. நம் மக்கள் இட்ட பெயர் பின்னே பார்க்கிறது. எது உண்மையென்று அனுபவப்பட்டவரைக் கேளுங்கள். ஒருவர் 40,000 ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 500 ரூபாய் கழித்தால் 80 வாரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் பல கூடங்களில் வாரந்தோறும் கழிப்பதே இல்லை. திருமணம், மருத்துவம், காதுகுத்து என்று தொகை ஏறுமேயன்றி இறங்காது. வேறு கூடத்துக்குப் போக விரும்பினால் புதிய முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை அழைத்துக்கொள்வார். பாக்கி கைமாறுகிறது, ஆளும் கைமாறுகிறார். பெரிய தொகை கேட்டு வாங்குவதைத் தம் தொழில்திறமைக்குக் கிடைத்த மதிப்பாகக் கருதுவோரும் உண்டு. அவர்களை நாம் இகழவில்லை. வங்கி வாசலில் ஈடு கேட்கிறார்கள். இங்கே கைகால் இருந்தால் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்குப் பின் வரவில்லை. கணக்கில் நல்ல சூட்டிகை. வீடு தேடிச் சென்றோம். தந்தை எழுந்து நின்று, "பாக்கி இருக்குதுங்க சார். தீரட்டுங்க, அப்புறம் அனுப்பறனுங்க" என்றார். எவ்வளவு பாக்கி என்று கேட்டோம். "ஆகுதுங்க" என்றார். தொகை அவருக்குத் தெரியாது. குறிப்பேடு கூடத்துக்காரரிடம் இருந்தது. அந்தக் கணக்கைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவ்வீட்டில் அந்தப் பையன்தான். அவனைத்தான் தறிக்கு அனுப்பியிருந்தார்கள். இருமுறை போய்ப் பேசினோம். அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. சட்டத்தைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். முன்பே படித்திருக்க வேண்டும் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம்.

1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம், பொருள் விளக்கப் பகுதியில் முதலாவதாக விளக்கும் சொல் எது தெரியுமா? இதே அட்வான்ஸ்தான். அகரவரிசையில் முதலில் வந்ததென்றாலும் பொருத்தமாகவே வந்திருக்கிறது. ரொக்கமாகவோ பொருளாகவோ கடன் கொடுத்தவர் கடனாளிக்குக் கொடுப்பது அட்வான்ஸ் என்கிறது சட்டம். அதைத் தாமோ, தம் முன்னோரோ, வழித்தோன்றல்களோ பெற்றதற்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தால், அல்லது ஊர்விட்டு ஊர் போகும் உரிமையை இழந்தால், அது கொத்தடிமை. குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தால் உழைக்க நேர்வதையும் அச்சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பண்ணையாள் முறையை நேரில் கண்ட பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய கடன் சட்டப்படி அழிந்துபோனது. அழிந்த கடனுக்குப் பணம் பெறுவதே குற்றம். அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கொடுத்தவரையே சேரும். கட்டாய உழைப்பு என்று காட்டப்பட்டால், அது அட்வான்சுக்காகவே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் நீதிபதி பகவதி வாயிலாகக் கூறியது. 2016இல் திருத்திய மறுவாழ்வுத் திட்டத்தில் மீட்கப்படும் ஆடவருக்கு 1 லட்சமும் பெண்களுக்கும் சிறுவர்க்கும் 2 லட்சமும், கொடுமை மிகுந்த நிலைகளில் 3 லட்சமும் உண்டு. முழுத்தொகை தண்டனைத் தீர்ப்போடு பிணைக்கப்பட்டிருப்பது நமக்கு உடன்பாடன்று.

மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும்; ஒவ்வொன்றிலும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மூவர் இடம்பெற வேண்டும் என்பதும் இச்சட்டமே. நாமக்கல், திருச்செங்கோடு கோட்டங்களில் அந்த இடங்களுக்கு நம் பட்டதாரி இளைஞர்கள் பெயர் கொடுத்தால் என்ன?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். நம் சங்கக் கணக்கேட்டிலும் மாணவர்க்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய தொகை 'அட்வான்ஸ்' என்ற தலைப்பில்தான் இருக்கிறது. நாம் தணிக்கை செய்தபோது கண்டோம். திருப்பிக் கட்ட இயலாத இரு மாணவர் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டனர். வட்டியில்லை, மிரட்டலில்லை, ஆயினும் சொல் தன் வேலையைச் செய்திருக்கிறது. வரும் ஆண்டு முதல் அத்தலைப்பை 'உதவித்தொகை' என்று மாற்றிப் பழைய நிலுவைகளைத் தள்ளுபடி செய்யும் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறோம்.

தறிக்கோ சூளைக்கோ ரிக் வண்டிக்கோ பணம் பெற்றவர் எவராயினும், தம்மிடமுள்ள துண்டுச்சீட்டு எதுவானாலும், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கட்டடத்துக்கு எடுத்து வரலாம். சீட்டு இல்லாதவர் தேதியையும் தொகையையும் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். உயர்நிலை வகுப்பு மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், நாம் உடனிருப்போம்.