குறுமரமும் கொறிக்கும் பற்களும்



நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளன்று, பழைய மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி எனக்கு ஒரு பரிசளித்தனர். சால்வைக்கும் கடிகாரத்துக்கும் பதிலாக அவர்கள் என் கையில் வைத்தது ஓர் ஆலமரம்! ஆழமற்ற ஒரு தொட்டியில் அது நின்றது. உயரம் ஒரு முழம்; அடிமரத்தின் பருமன் என் மணிக்கட்டளவு. அன்று முதல் என் வீட்டு மொட்டைமாடியில் அதற்கு நீர் வார்ப்பது என் காலைக் கடன்களுள் ஒன்றாயிற்று. அந்த மரம் சென்ற ஆண்டு சாவின் விளிம்பு வரை சென்று மீண்டது. அதனைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இத்தகைய மரத்தைப் போன்சாய் என்பர். தொட்டியில் நட்டது என்பதே அச்சொல்லின் பொருள். சீனத்தில் தோன்றிய இக்கலை ஜப்பானில் செழித்து வளர்ந்தது. போன்சாய் என்பது தனியொரு குட்டை இனம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. சாலையோரத்து ஆலும் என் தொட்டியிலுள்ள ஆலும் ஒரே இனமே. வேரையும் கிளையையும் காலமறிந்து கத்தரித்து, மரத்தைச் சிறிய உருவில் நிறுத்துகிறார்கள், அவ்வளவே. நன்கு பேணினால் அது பல தலைமுறைகள் வாழும். 1625ஆம் ஆண்டு முதல் பயிற்றப்பெற்று வருவதாகக் கூறப்படும் வெண்பைன் மரம் ஒன்று ஹிரோஷிமா நகரில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945இல் அந்நகரின்மீது அணுகுண்டு விழுந்தபோது, சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சுவரின் மறைவில் நின்ற அம்மரம் உயிர் தப்பியது. 1976இல் அது அமெரிக்க மக்களுக்குப் பரிசாக வழங்கப்பெற்று, வாஷிங்டன் நகரிலுள்ள தேசிய மரப்பூங்காவைச் சேர்ந்தது. அணுகுண்டுக்குத் தப்பிய அத்தகைய மரத்தையும், காவல் இல்லையேல், எலிகள் சில இரவுகளில் கொன்றுவிடக்கூடும். எவ்வாறு என்பதை இனிக் காண்போம்.

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை மாடிக்குச் சென்றேன். ஆலின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பட்டை உரிக்கப்பட்டிருந்தது. வெண்ணிற மரம் வெளியே தெரிந்தது. பால் கசிந்து உறைந்திருந்தது. சுற்றளவில் முக்கால் பங்கு போயிருந்தது. கால் பங்கே எஞ்சியிருந்தது.

அப்பொழுது கைப்பிடிச் சுவரின்மேல் ஓர் அணில் ஓடிற்று. எனக்கு வந்த சினத்தில் அதனைக் கல்லெடுத்து விரட்டினேன். மறுநாளும் விரட்டினேன். என்னுடன் நின்ற பேரன் மெல்லக் கேட்டான்: "தாத்தா, அணில் கடித்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

என்னால் விடை கூற இயலவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் பிள்ளைகளிடம் நான் கேட்டு வந்த கேள்வி அது. கண்டாயா, கருதினாயா என்று அவர்களை வினவிய நான், அணிலிடம் மட்டும் விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கிவிட்டேன்.

அன்று மாலை இருவரும் ஒரு சோதனை செய்தோம். பொழுது சாயும் வேளையில் தொட்டியைச் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவினோம். பட்டையின் விளிம்பில் மையினால் கோடிட்டு வைத்தோம். விடியற்காலையில் பார்த்தால் சாம்பலில் காலடித் தடங்கள், அவற்றின் நடுவே வால் இழுபட்ட நீண்ட கோடு, பக்கத்தில் புழுக்கைகள். மைக்கோட்டைத் தாண்டிப் பட்டை மேலும் குறைந்திருந்தது. சாம்பலை மாற்றிப் பகல் முழுவதும் காத்தோம். மாலை வரை ஒரு தடமும் இல்லை. அணில் பகலில் நடமாடும். இரவில் கூட்டில் உறங்கும். எலியோ இரவில் திரியும். குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. அணிலும் சில வேளை இளம்பட்டையைக் கொறிப்பதுண்டு. எனினும் இவ்வழக்கில் அது நிரபராதி.

எலி ஏன் பட்டையைக் கொறிக்கிறது? எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவை கொறிக்கும் பிராணிகள். இவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்புறம் கடினமான எனாமல். பின்புறம் அதனினும் மென்மையானது. கொறிக்கக் கொறிக்கப் பின்புறம் விரைவில் தேய்வதால், பல் உளியைப்போல் கூர்மை பெறுகிறது. உள்பட்டையில் இலைகள் சமைத்த சர்க்கரைச் சாறு ஓடுகிறது. வேறு உணவும் நீரும் அரிதாகும் கோடையில் அதுவே எலிக்கு விருந்து. இத்துடன் என் பிழையும் ஒன்றுண்டு. உரமென்று எண்ணித் தொட்டியில் கடலைப் பிண்ணாக்கைப் பொடித்து இட்டிருந்தேன். எலிக்கு அழைப்பிதழ் அனுப்பியவன் நானே!

பட்டை போனால் மரம் ஏன் மடிய வேண்டும்? வேர் உறிஞ்சும் நீர் உட்புறத்திலுள்ள சைலம் என்னும் மரத்திசு வழியே மேலேறுகிறது. இலைகள் ஆக்கிய உணவு உள்பட்டையிலுள்ள ஃபுளோயம் வழியே வேருக்கு இறங்குகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் மார்செல்லோ மால்பீகி என்ற இத்தாலிய அறிஞர் மரத்தில் வளையமாகப் பட்டையை நீக்கிப் பார்த்தார். வளையத்துக்கு மேற்புறம் வீங்கித் தடித்தது; கீழ்ப்புறம் அவ்வாறு வளரவில்லை. இறங்கிவந்த உணவு அங்கே தடைப்பட்டு நின்றமையே காரணம்.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. வளையம் விழுந்த மரம் உடனே வாடுவதில்லை. நீர் உள்வழியே ஏறுவதால் இலைகள் பல வாரங்கள் பசுமையாகவே இருக்கும். கீழேயோ வேர்கள் பட்டினி கிடக்கின்றன. இலை வாடுவதை நாம் காணும்பொழுது காலம் கடந்திருக்கும். பெரிய ஆலின் அடியைச் சுற்றிக் கொறிக்க எலிகளால் இயலாது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் குறுமரத்துக்கோ ஓரிரவே போதும்.

என் மரத்தில் கால் பங்குப் பட்டை எஞ்சியிருந்தது நற்பேறு. காயத்தின் பிசிறுகளைக் கூரிய கத்தியால் சீவினேன். ஈரமான தென்னை நார்க்கழிவை அதன்மேல் வைத்துப் பாலிதீன் தாளால் சுற்றி, தொட்டியை நிழலுக்கு மாற்றினேன். மாதுளைக் கிளையில் பட்டையை வளையமாக நீக்கி விண்பதியம் போடும் தோட்டக்காரர் செய்வதும் இதுவே. சில வாரங்களில் காயத்தின் மேல்விளிம்பிலிருந்து வெண்ணிற வேர்கள் தோன்றின. அவற்றை மண்ணில் இறங்கவிட்டேன். இன்று அவை சிறு விழுதுகளாய் நின்று மரத்தைத் தாங்குகின்றன. எல்லா மரங்களும் ஆலைப்போல் எளிதில் வேர்விடா. அவற்றுக்கு, அதே மரத்தின் சிறு குச்சிகளைக் காயத்தின் மேலும் கீழும் பட்டைக்குள் செருகிப் பாலம்போல் ஒட்டுக் கட்டுவதுண்டு.

எனினும் வருமுன் காப்பதே மேல். பிண்ணாக்கை அறவே நிறுத்தினேன். எலி நுழைய இயலாதவாறு கால் அங்குலக் கண்ணுடைய கம்பி வலையால் ஒரு கூண்டு செய்து, இரவில் தொட்டியை மூடுகிறேன். தொட்டி நிற்கும் மேசையின் கால்களில் வழவழப்பான தகரம் சுற்றினேன். எலி ஏறாதிருக்கத் தென்னையில் தகரம் அடிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள், அதே முறைதான். மேசையைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினேன். நஞ்சு வைக்கலாமே என்று அண்டை வீட்டார் கூறினர். நான் இணங்கவில்லை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும்கூட மடியக்கூடும். எலியைப் பிடிக்கும் ஆந்தையைக் கொல்வது, ஊர்க்காவலனைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

நண்பர்களே, உங்களுள் பலரிடம் குறுமரம் இல்லாதிருக்கலாம். ஆயினும் உங்கள் பள்ளிக்குச் செல்லும் வழியில் மரங்கள் உண்டல்லவா? அவற்றின் அடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். விளம்பரப் பலகை கட்டிய கம்பி, கன்று நட்டபோது சுற்றிய கயிறு ஆகியன அவிழ்க்கப்படாமல், வளரும் தண்டில் ஆழப் பதிந்திருப்பதைக் காண்பீர்கள். பட்டையில் பெயர் செதுக்கிய தழும்புகளையும் காண்பீர்கள். எலி பசியால் செய்ததை, மனிதன் மறதியாலும் விளையாட்டாலும் செய்கிறான். பதிந்த கம்பியைப் பிடுங்க முயலவேண்டா, பட்டை கிழிந்துவிடும். ஆசிரியரிடம் கூறி, பெரியவர் ஒருவரைக்கொண்டு அதனைத் துண்டித்து விடுங்கள். இலைகள் பசுமையாகத்தானே உள்ளன என்று மட்டும் வாளாவிருக்க வேண்டா.

என் பேரன் இப்பொழுதும் மாலைதோறும் கூண்டை மூடிவைக்கிறான். அணிலும் வழக்கம்போல் கைப்பிடிச் சுவருக்கு வருகிறது. அதற்கு ஒரு பிடி சோறு வைப்பது என் கடன்களுள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.