சென்னைத் துறைமுகமும் அதன் வடகரையும்

(நமது சங்கத்தின் கீழ்பென்னாத்தூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

கடலே காணாத நமதூரில் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைத்தல் கூடும். செஞ்சி, திண்டிவனம் மார்க்கமாய்ச் சென்னைக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் பிள்ளைகள் ராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் குடியிருக்கின்றனர். அக்கரையின் விருத்தாந்தம் நமக்கு அந்நியமன்று.

1639-ம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றபோது, அங்கே துறைமுகமென்று சொல்லத்தக்கது யாதொன்றுமில்லை. மணற்கரையும் ஓயாத அலையுமே இருந்தன. கப்பல்கள் தூரத்தே நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகளே கரை சேர்க்கும். அப்படகின் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதுங்கால் ஆணியடித்த படகு பிளந்துபோம். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். இருநூறு வருஷங்களுக்கு மேலாக ஓர் இராஜதானியின் வியாபாரம் அந்தக் கயிற்றை நம்பியே நடந்தது. கவர்னர்களின் பெயர்களைத் தெருக்கள் இன்றும் சொல்லுகின்றன. படகோட்டிகளின் பெயர்களையோ சரித்திர நூல்களில் தேடிக் காண்பது அரிது. இது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலமொன்று ஏற்பட்டது. பின்னர்க் கல்லாலான இரு கைகளைக் கடலில் நீட்டி நீரை அணைக்கும் வேலை 1870-களில் தொடங்கிற்று. வேலை முடியுந் தறுவாயில், 1881 நவம்பர் மாதத்துப் புயல் அதைச் சிதைத்துவிட்டது. மீண்டுங் கட்டினர். கிழக்கு நோக்கியிருந்த வாயில் தொல்லை கொடுக்கவே, ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் துரையின் காலத்தில் அதை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் அமைத்தனர். அத்துரையின் காரியாலயத்தில்தான் 1912-ல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இராமானுஜன் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் கப்பல் குண்டு வீசித் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளை எரித்ததும், அப்பெயர் வல்லாள கண்டனுக்கு மறுபெயராய் நம் வீடுகளில் வழங்குவதும் யாவரும் அறிந்ததே.

இனி நாம் சொல்லவந்த விஷயம். வாய்க்காலின் குறுக்கே ஒருவன் வரப்புக் கட்டினால், மேல்மடைக்காரன் வயலில் வண்டல் சேரும். கீழ்மடைக்காரன் நிலத்துக்கு அது வாராது. இதை நம் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கடலிலும் அப்படியே. இக்கரையோரத்து நீரோட்டம் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிச் செல்கிறது. துறைமுகத்தின் கற்கை அம்மணலைத் தடுத்துவிட்டது. தென்புறத்தில் அது தேங்கி, மெரீனா கடற்கரை இன்றுள்ள அகலம் பெற்றது. மாலைக்காற்று வாங்கச் செல்வோர் அவ்வகலத்தைக் கண்டு மகிழ்வர். ஆனால் வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் தொடங்கி எண்ணூர்ப் பக்கம் வரையில் கடல் கரையைத் தின்றது. மீனவர் குடியிருப்புகளும் சாலைகளும் வருஷந்தோறும் அலைவாய்ப்பட, அரசாங்கத்தார் கருங்கற்களைக் கொட்டித் தடுக்கவேண்டியதாயிற்று. கல் கொட்டிய கரையில் கட்டுமரத்தை ஏற்றி நிறுத்த இடமேது? வலை உலர்த்த மணலேது?

துறைமுகத்தால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. அதன் வரவு செலவில் இந்த மணலையும் ஒரு செலவாக எழுதினவர் யாரென்பதே நமது கேள்வி. தென்கரைக்குச் சேர்ந்தது வரவானால், வடகரை இழந்தது யார் கணக்கு?

எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியிலும் ஒன்று ஏற்பட்டு, அதை விஸ்தரிக்கும் திட்டமும் எழுந்தது. அத்திட்டத்தைக் கேட்டபோது பழவேற்காட்டு மீனவர் தங்கள் கரையைப் பற்றியும் பேசினர்.