தொட்டியில் ஒரு தோட்டம்
(விழாவின் மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)



தொட்டிச்செடி வளர்ப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் தோட்டக்கலை பயின்றவள் அல்லேன். பல செடிகளை இழந்து, சில செடிகளைக் காத்து, அவ்வழியே கற்றவள். ஆதலின் என் பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்மில் பலர் வந்தவாசி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களில் பிறந்து, தொழில் நிமித்தம் சென்னையில் குடியேறியவர்கள். ஊர் வீட்டின் பின்புறம் கிணற்றடியும் பூச்செடிகளும் இருந்தன. இங்கே வாய்த்தது ஒரு பால்கனியும் மொட்டைமாடியில் ஒரு மூலையுமே. என் மாமியார் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து தங்கியபோது, தம் கையோடு கொணர்ந்தது ஒரு குண்டுமல்லிப் பதியன். நான் அதை அழகிய பீங்கான் தொட்டியொன்றில் நட்டு, பால்கனியில் வைத்தேன். தொட்டியின் அடியில் துளை இல்லை. பால்கனியில் வெயிலும் இல்லை. இலைகள் பழுத்தன. நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றினேன். ஒரு திங்களுக்குள் வேர் அழுகிவிட்டது.

அத்தை சினந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “அதற்குத் தாகம் இல்லை அம்மா, மூச்சுவிடத்தான் வழியில்லை” என்று மட்டும் சொன்னார். பசுமை மாறாதிருந்த கிளையொன்றை நறுக்கி, ஒரு மண்தொட்டியில் ஊன்றி, துளிர்க்கும்வரை நிழலில் வைத்திருந்து, பின்னர் மொட்டைமாடி வெயிலுக்கு மாற்றினார்.

தொட்டி வளர்ப்பின் முதல் விதி அவர் சொல்லிலேயே அடங்கியுள்ளது. வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. அதன்மேல் வளைந்த ஓட்டுச்சில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் வெளியேறாது, நீர் வடியும். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் நாளடைவில் இறுகிவிடும். செம்மண், மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், நன்கு அலசிய தென்னைநார்க் கழிவு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து, விளிம்புக்கு 1 அங்குலம் கீழே நிற்குமாறு இடுக. விரலின் முதற்கணு வரை மண்ணில் செலுத்திப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டுமே நீர் ஊற்றுக.

இரண்டாம் விதி, செடியை வாங்குமுன் வெயிலை அறிதல். நர்சரியில் பூத்துக் குலுங்குவதைக் கண்டு மயங்கி வாங்கிவிட்டு, அதற்கு இடம் தேடுகிறோம். இடத்தை முதலில் பார்த்து, அதற்கேற்ற செடியைத் தேடுவதே முறை. நாளொன்றுக்கு 6 மணி நேரம் வெயில் விழும் இடமாயின் மல்லிகை, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, காகிதப்பூ ஆகியவை செழிக்கும். வெளிச்சம் மட்டும் உள்ள பால்கனிக்கு மணிபிளான்ட், மருள், அக்லோனிமா போன்ற இலையழகுச் செடிகளே தகும். குழந்தைகள் தவழும் வீட்டில் அரளியும் டிஃபன்பேக்கியாவும் வேண்டா. அரளியின் எல்லா உறுப்பும் நஞ்சு. டிஃபன்பேக்கியாவின் இலையைக் கடித்தால் வாயும் நாவும் வீங்கும்.

ஒரே தொட்டியில் பல செடிகளை அழகுற வைக்க விரும்புவோர் மூன்று நிலைகளை நினைவில் கொள்க: நடுவே உயர்ந்து நிற்பது ஒன்று, அதைச் சூழ்ந்து அடர்வது ஒன்று, விளிம்பில் வழிந்து தொங்குவது ஒன்று. நிழலிடத்தில் நடுவே டிரசீனா, சுற்றிலும் அக்லோனிமா, விளிம்பில் மணிபிளான்ட் எனில் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். வெயிலிடத்தில் காகிதப்பூவின் அடியில் பத்துமணிப் பூவைப் பரப்பலாம். இரண்டும் நீர் குறைவாக வேண்டுபவை. நீர் மிகுதியாக வேண்டும் செடியையும் குறைவாக வேண்டும் செடியையும் ஒரு தொட்டியில் சேர்த்தால், ஒன்றைக் காக்க மற்றொன்றை இழப்போம்.

இனி, நம் இல்லங்களில் எழும் ஒரு வினாவுக்கு வருகிறேன். செடி வளர்த்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் கொல்ல நேருமே என்று தயங்குவோர் உளர். முற்றிலும் தீங்கின்றி வளர்த்துவிடலாம் என்று நான் கூறேன். ஆயினும் வருமுன் காப்பது பெரும்பாலும் நம் கையில் உள்ளது. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். வெப்பமான நம் ஊரில் ஏறத்தாழ 7 முதல் 10 நாளில் அம்முட்டைகள் கொசுவாகிப் பறக்கும். அன்றாடம் தட்டைக் கவிழ்த்து உலர்த்திவிட்டால், பின்னர் மருந்தடிக்கும் தேவையே எழாது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி எளிதில் பற்றும். தொட்டிகளை நெருக்காமல் காற்றோட்டம் தருக. உரத்தை மிகுதியாக இட்டால் தளிர் இளகிப் பூச்சியை அழைக்கும். பூப்பறிக்க மனம் ஒப்பாதவர்கள் 18 அங்குலத் தொட்டியில் பவழமல்லி வைத்து, கிளைகளை அவ்வப்போது கவாத்து செய்து வரலாம். இரவில் மலர்ந்து விடியலில் தானே உதிரும் அப்பூக்களைச் செடியைத் தொடாமலே பொறுக்கிக்கொள்ளலாம்.

அத்தை ஊன்றிய மல்லிகை இன்றும் எங்கள் மொட்டைமாடியில் உள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில் அதைக் கவாத்து செய்கிறேன். கோடையில் மடி நிறையப் பூக்கிறது. அத்தை இன்று எங்களோடு இல்லை. ஊர் வீடும் கைமாறிவிட்டது. அக்கிணற்றடியிலிருந்து எங்களுக்கு எஞ்சியது இச்செடி ஒன்றே. சென்ற மாதம் என் மகள் புதுமனை புகுந்தபோது, அதன் பதியன் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். தொட்டியில் துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்தவள் அவளே.

உங்கள் இல்லத்திலும் ஊரின் செடி ஒன்று இருக்கட்டும். ஊரில் உறவினர் இருக்கும்போதே ஒரு பதியன் கேட்டு வாங்கி வாருங்கள்.