முற்றுப்பெறாத தோம்பு

பள்ளிப் பருவத்தில் பழைய நாட்காட்டித் தாளையும் துணித்துண்டையும் வெட்டிப் பசை தடவிப் படம் செய்த நினைவு நேயர்களுட் பலருக்கும் இருக்கும். அதனை ஒட்டுச்சித்திரம் என்போம். சிறுவர் கைவேலையென்று பெரியோர் ஒதுக்கும் இதனைக் கொண்டே தம் மக்களின் முகத்தைத் தேடினார் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஒருவர். றோமரி பியர்டன் என்பது அவர் பெயர்.

1963ஆம் ஆண்டு, சம உரிமைப் போராட்டம் மூண்டெழுந்த வேளையில், நியூயோர்க்கிலே கறுப்பின ஓவியர் சிலர் 'ஸ்பைரல்' என்றொரு குழுவாகக் கூடினர். சஞ்சிகைப் படங்களை வெட்டி எல்லாருஞ் சேர்ந்து ஒரே சித்திரம் ஒட்டுவோம் என்றார் பியர்டன். தோழர்கள் நாட்டங் கொள்ளவில்லை. அவர் தனியே செய்தார்; சிறிய ஒட்டுச்சித்திரங்களைப் புகைப்பட முறையாற் பெருப்பித்து 1964இல் காட்சிக்கு வைத்தார். ஆபிரிக்க முகமூடியின் கூறும் சஞ்சிகை மனிதரின் கண்ணும் ஒரே முகத்திற் பொருந்தின. பொருந்திய இடத்தில் வெட்டுவாய் மறைக்கப்படவுமில்லை. பிறர் வரைந்து தந்த முகத்தை ஏற்க மறுப்பவர், அம்முகத்தையே வெட்டித்தான் தம் முகத்தைச் செய்யவேண்டியிருக்கின்றது போலும்.

இவ்வளவும் சொல்லப் புகுந்தது யாழ்ப்பாணத்தை நினைந்தே. பியர்டன் முழுப்படத்தைக் கத்தரித்தார். நம் குடாநாட்டிலோ கத்தரிக்கோலுக்கு வேலையில்லை. யுத்தம் யாவற்றையும் துண்டாக்கி வைத்திருந்தது. அத்துண்டுகளைப் பொறுக்கியெடுத்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயிற்றும் ஓவியர் தா. சனாதனன். வீடுகளிலே மக்கள் காத்து வைத்திருந்த பொருள்களைத் திரட்டி, 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திற் காட்சியாக அமைத்தார். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்ட நூலகம் அது. ஏடுகள் எரிந்த இடத்தில், மக்கள் தாமே காப்பாற்றிய பொருள்கள் வந்து சாட்சி சொல்லின.

ஆயினும் அவருடைய ஆக்கங்களுள் என் மனத்தைவிட்டு அகலாதது 2011இல் வெளிவந்த நூலொன்று. முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் தலைப்பின் பொருள். தோம்பு யாதென யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பறங்கியரும் ஒல்லாந்தரும் காணியையும் குடியையும் எழுதிவைத்த ஏடு அது. ஆள்பவன் வரி வாங்குதற்கு எழுதியது. குடியிருந்தவன் தன் நெஞ்சுக்காக எழுதியதன்று. சனாதனன் அதனைத் தலைகீழாக்கினார். இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்களை, இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையுமாறு கேட்டார். எண்பது வீடுகள் சேர்ந்தன. நடுங்கிய கோட்டில் அமைந்த அப்படங்களுக்குத் துணையாகக் கட்டடக்கலைஞர் முறையில் ஒழுங்குபடுத்திய படமும் ஓவியரின் சித்திரமும் அமைந்தன.

இது ஒட்டுச்சித்திரமாகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பசையில்லை, ஆதலால் இலக்கணப்படி ஆகாது. எனினும் வெவ்வேறு கைகளில் பிறந்த துண்டுகள், ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே கிடக்கின்றன. அவற்றின் இடைவெளியும் பேசுகின்றது. எனக்கு அதுவே போதும். ஓவியர் பிறர் துயரைத் தம் பெயரில் விற்கிறாரோ என்று ஐயுறுவாரும் உளர். கேட்கத்தக்க வினாவே. ஆனால் அந்நூலிலே கோடு போட்டவர் குடியிருந்தவர். ஓவியர் அதனைத் திருத்தி அழித்துவிடவில்லை.

நம்மூர் வீடு நான்கு சுவர் மாத்திரமா? படலை, வேலி, விறாந்தை, கிணற்றடி, வேலிக்கப்பால் அயலவர் குரல் எல்லாம் வீடே. 1990இல் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995இல் ஓரிரவிற் குடாநாட்டுத் தெருக்களை நிறைத்து நடந்தவர்களும் காணி உறுதியைக் கைப்பையில் வைத்திருக்கலாம். அயலவர் குரலை எந்த உறுதியில் எழுதுவது?

அந்நூலைப் பார்த்த இரவு நானும் எங்கள் பழைய வீட்டை வரைந்து பார்த்தேன். குசினிக் கதவு எப்பக்கம் திறந்ததென்பது நினைவில் இல்லை. தமக்கையாரிடம் கேட்டேன்; அவர் தாமும் ஒரு மெல்லிய தாளில் வரைந்து தந்தார். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேலொன்று வைத்து விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தோம். கதவு ஒத்துவந்தது. கிணறு இரண்டாகத் தெரிந்தது.