பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தால்...

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப கொஞ்ச நேரம் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளைப் பத்திப் பேசலாம். நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள் இருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு, பெரும்பாலும் 21-வது குரோமோசோம் ஒன்று கூடி, 47 ஆக இருக்கும். கிரகணத்தில் வெளியே போனதால் வந்ததில்லை. தாயின் குற்றமும் இல்லை. மாமியார்மாருங்க இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க.

இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறது. பெரும்பாலும் இதய அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. பால் குடிக்கும்போது விட்டு விட்டுக் குடிக்கும், நெற்றி வியர்க்கும், மூச்சு வாங்கும், எடை ஏறாது, அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிக்கும். சில குழந்தைகளுக்கு முதல் வாரங்களில் எந்த அறிகுறியும் தெரியாது. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தாலும் சத்தம் கேட்காமல் போகலாம். அதனால்தான் நல்லா இருக்கிற பிள்ளைக்கும் பிறந்த சில வாரங்களுக்குள் எக்கோ ஸ்கேன் எடுக்கணும். ஊசி கிடையாது, வலி கிடையாது.

சிறிய ஓட்டை சிலருக்குத் தானாகவே மூடிவிடும். பெரிய ஓட்டை என்றால் நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாயும். நாளாக நாளாக அங்குள்ள ரத்தக்குழாய்கள் தடித்து இறுகும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இது சீக்கிரமே நடக்கும். அப்போது மூச்சு வாங்குவதுகூடக் குறையலாம். “பிள்ளை தேறிடுச்சு” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் குழாய் முழுதாக இறுகிவிட்டால் ஆபரேஷன் செய்ய முடியாது. உதடு, நகம் நீலமாகும். பெரிய ஓட்டைகளுக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

“இந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குக் கோபம்தான் வரும். டவுன் சிண்ட்ரோம் இருப்பதால் மட்டும் ஆபரேஷன் தோற்றுப்போகாது. மற்றக் குழந்தைகளைப் போல இவர்களும் நன்றாகத் தேறுகிறார்கள்.

முதலில் கிராம சுகாதார நர்சம்மாவிடம் சொல்லுங்க. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். 2013-ல் தொடங்கிய சிறார் பரிசோதனைத் திட்டத்தில் டவுன் சிண்ட்ரோம், பிறவி இதயக் கோளாறு இரண்டுமே உண்டு. செலவுக்கு 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. கந்துவட்டிக்கு ஓடுறதுக்கு முன்னாடி, குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட கவுண்ட்டரில் விசாரிங்க. பச்சைப்பிள்ளையின் பெயரைச் சேர்க்க என்ன வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச குழு உறுப்பினர் ஒருத்தர் அந்தத் தாயோடு கூடப் போங்க.