வனுவாட்டு கேட்டதும் காலனி கேட்பதும்



உலகத் தலைவர்கள் கூடும் காலநிலை மாநாட்டைப் பற்றிச் சங்கராபுரத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்று கூட்டத்துக்கு வரும்போதே ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2024 நவம்பரில் அசர்பைஜான் நாட்டின் பாகு நகரில் 29ஆவது மாநாடு முடிந்தது. அடுத்த ஒரு வாரத்துக்குள் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து விழுப்புரத்தையும் நம் மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கியது. அந்த ஒரு புயலுக்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது.

1972இல் ஸ்டாக்ஹோம், 1992இல் ரியோ, 1995இல் பெர்லினில் முதல் காலநிலை மாநாடு, 1997இல் கியோட்டோ, 2015இல் பாரிஸ். கியோட்டோவில் கையெழுத்திட்ட அமெரிக்கா கடைசிவரை அதற்கு ஒப்புதல் தரவில்லை. இதெல்லாம் தேடினால் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வனுவாட்டு கதை.

பசிபிக் பெருங்கடலில் ஒரு சின்னத் தீவு நாடு அது. கடல் மட்டம் உயர்ந்து எங்களுக்கு வரும் இழப்பைப் புகை கக்கிய நாடுகள் ஈடுகட்ட வேண்டும் என்று 1991இலேயே தீவு நாடுகளுக்காகக் கேட்டது. இழப்பு, சேதத்துக்கென்று தனி நிதியம் வேண்டும் என்பதை எகிப்து மாநாடு ஏற்றுக்கொண்டது 2022இல். முப்பத்தொரு ஆண்டுகள்!

அதே 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்காக வரும் புகையையும் சொகுசுக்காக வரும் புகையையும் ஒரே தராசில் வைக்காதே என்று எழுதினார்கள். தலைக்கு எவ்வளவு என்று பார் என்றார்கள். இந்திய அரசும் மாநாடுகளில் இதையேதான் பேசுகிறது. சரியான பேச்சு. ஆனால் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே கேட்கிற அந்த நீதியை ஊருக்கும் சேரிக்கும் இடையே கேட்டால் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறார்கள்?

புயலுக்குப் பிறகு கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்தது மாநில அரசு. பயிர்ச் சேதத்துக்குத் தனி நிவாரணம், அதுவும் ஹெக்டேர் கணக்கில். நிலம் இருப்பவருக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற நிலமற்ற பெண்ணுக்கு ஹெக்டேர் ஏது? தண்ணீர் நின்ற நாளெல்லாம் அவருக்குக் கூலி இல்லை. அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. காலனியைப் பள்ளத்தில் தள்ளியது மழையா? சாதி பார்த்து ஒதுக்கிய இடம் அது. கல்வராயன் மலையில் வன உரிமைப் பட்டா கிடைக்காத மலையாளிப் பழங்குடிகளுக்கும் இதே கதிதான்.

ஆகவே ஜனவரி 26 கிராமசபையில் இரண்டு தீர்மானங்கள் கேட்போம். ஒன்று, பேரிடர்க் கணக்கெடுப்பில் இழந்த கூலி நாட்களையும் எழுத வேண்டும். இரண்டு, வெள்ளம் நிற்கும் காலனிகளுக்கு மேட்டில் மனைப்பட்டா, அதுவும் ஊரோடு சேர்ந்தாற்போல். மனு எழுதித் தயாராக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.